ஏரி மீனைக் காக்க நினைக்கிறவர்களுக்கு: சேலத்துக் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

சேலத்தில் ஏரி வேலைக்கு ஆள் கூப்பிட்டால் வருகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2010-ல் மூக்கனேரியில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய வேலை, தோண்டின வண்டலை வெளியே ஏற்றிப் போகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அதில் மரம் நட்டு, பறவைகள் வந்து தங்குகிற இடமாக்கியது, இந்த ஊரில் பல பேருக்கு நம்மாலும் முடியும் என்ற தெம்பைக் கொடுத்தது. ஆனால் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவதும் மரம் நடுவதும் ஒரு வேலை, தண்ணீருக்குள் இருக்கிற மீனைக் காப்பது வேறு வேலை. கரை பளிச்சென்று இருக்கும், உள்ளே மீன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்.

மீனைக் காப்பது என்றால் ராத்திரியில் கட்டையோடு காவல் நிற்பது என்று நினைத்து வருகிற இளைஞர்கள் உண்டு. அது தேவையில்லை, ஆபத்தும்கூட. நம் வேலை தண்ணீரைத் தினமும் பார்ப்பது, பார்த்ததை எழுதி வைப்பது, மீன் பிடிக்கிறவர்களை நம்மோடு வைத்துக்கொள்வது. இந்த வேலையை ஒரு வருடம் விடாமல் செய்கிற நாலு பேர், ஒரு நாள் மட்டும் வந்து போகிற நூறு பேரைவிட அந்த ஏரிக்கு அதிகம் செய்துவிடுவார்கள்.

முதலில் ஏரி யாருடையது, மீன் யாருடையது

இரண்டும் ஒன்றில்லை. ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கலாம், ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கலாம், நகருக்குள் என்றால் மாநகராட்சியிடம் இருக்கலாம். அதில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமை தனியாக ஏலம் போகும். அதைத்தான் மீன்பாசி குத்தகை என்கிறோம். குத்தகைக் கணக்கு பெரும்பாலும் பசலி ஆண்டுப்படி, அதாவது ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். உங்கள் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது, குத்தகை யார் எடுத்திருக்கிறார், எது வரைக்கும் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சி அலுவலகத்திலோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்டு எழுதி வையுங்கள், பின்னால் ஒரு மனு கொடுக்கும்போது எந்த அலுவலகத்துக்குப் போவது என்று அலைய வேண்டாம்.

அப்புறம் குத்தகைக்காரரைப் போய்ப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார், நாம் பாட்டுக்கு நோட்டும் கையுமாகக் கரையில் நடந்தால் மீன் திருட வந்தவர்கள் என்றோ, குத்தகையைக் கெடுக்க வந்தவர்கள் என்றோதான் நினைப்பார். “அண்ணா, மீன் செத்தா மொத நட்டம் உங்களுக்குத்தானுங்க, நாங்க காலைல வந்து தண்ணியப் பாத்து உங்களுக்குச் சொல்றோம்” என்று நேராகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவருக்காக வலை இழுக்கிறவர்களையும் பழகிக்கொள்ளுங்கள், கரையில் மீன் வாங்கி விற்கிற அக்காமாரையும். எந்த மூலையில் ஆழம், எந்த ஓடையில் நாற்றம் வருகிறது, போன வருடம் ஆரால் கிடைத்து இந்த வருடம் ஏன் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

விடியலில் தண்ணீரைப் பார்ப்பது

போக வேண்டிய நேரம் விடிகிற நேரம், வெயில் ஏறின பிறகு இல்லை. தண்ணீரில் இருக்கிற பாசி பகலில் ஆக்சிஜன் விடுகிறது, இரவில் விடுவதில்லை. இரவு முழுக்கப் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து இருக்கிறதை எடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். பத்து மணிக்குப் போய்ப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அந்தக் குறிப்பால் பிரயோசனம் இல்லை.

என்ன பார்ப்பது? மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றுக் குடிக்கிறதா என்று பாருங்கள். விராலும் குரவையும் இயல்பாகவே மேலே வந்து காற்றை எடுக்கிற மீன்கள், அவை ஒரு முறை தலைகாட்டிவிட்டுக் கீழே போய்விடும். கட்லாவும் ரோகுவும் கூட்டமாக மேலே நின்றுகொண்டு, கல் எறிந்தாலும் ஓடாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அது திணறல். வெயில் வந்ததும் கீழே இறங்கிவிட்டால் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம். வெயில் ஏறியும் இறங்கவில்லை என்றால் உடனே குத்தகைக்காரருக்குப் போன் போடுங்கள்.

தண்ணீரின் நிறம், வாசனை, நுரை மூன்றையும் குறியுங்கள். ஒரு வட்டத் தகட்டைக் கால் கால் பாகமாகக் கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்து, கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எத்தனை சென்டிமீட்டரில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்துகொள்ளலாம், செலவே கிடையாது. மழைச்சேறு இல்லாமல் பச்சைப்பசேலென்று இருந்து, 20 சென்டிமீட்டருக்குள்ளேயே தகடு மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. அப்படிப்பட்ட ஏரியில் இரண்டு நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் விடியலில் கட்டாயம் ஆள் இருக்க வேண்டும். காசு சேர்ந்தால் கரைந்த ஆக்சிஜன் பார்க்கிற கிட் ஒன்று வாங்குங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்களுக்குக் கவலையில்லை, 3-க்குக் கீழே போனால் திணறத் தொடங்கும். அமில காரம் பார்க்கிற தாள் மலிவு. 6.5-லிருந்து 8.5 வரை இருந்தால் சரி.

ஏரிக்குத் தண்ணீர் வருகிற ஓடையையும் வாரம் ஒரு முறையாவது மேல்நோக்கி நடந்து பாருங்கள். சேலத்தைச் சுற்றி இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு ஓடைக்கும் ஒவ்வொரு வகைக் கழிவு. வீட்டுச் சாக்கடை எல்லா இடத்திலும் உண்டு. சேகோ (ஜவ்வரிசி) ஆலைப் பக்கம் கிழங்கு அரைத்த தண்ணீர் புளித்த வாடையோடு வெளுப்பாக வரும். அதில் இருக்கிற மாவுச்சத்து அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சாயப்பட்டறைத் தண்ணீரை நிறமே காட்டிக்கொடுக்கும். வெள்ளிக்கொலுசுப் பட்டறையில் அமிலத்தில் கழுவின தண்ணீர் நிறமில்லாமல் வரலாம், அங்கேதான் அந்த அமில காரத் தாள் உதவும். எந்த ஆலை, எந்தப் பட்டறை என்று யார் பெயரையும் ஊகித்து எழுதாதீர்கள். எந்த இடத்தில் ஓடை சுத்தமாக இருந்தது, எந்த இடத்துக்குப் பிறகு மாறியது, என்ன நேரம், இவ்வளவுதான் குறிப்பில் இருக்க வேண்டும், போட்டோவோடு.

நோட்டு என்று சொல்வது நிஜமான நோட்டையே. வாட்ஸ்அப் குழுவில் போடுகிற படங்கள் ஒரு மாதத்தில் காணாமல் போய்விடும். தேதி, நேரம், வானம், நீர்மட்டம், நிறம், மீன் நடமாட்டம், யார் வலை போட்டார்கள், என்ன மீன் எவ்வளவு பெரிது, பார்த்தவர் பெயர். ஒரு நாளும் விஷயமில்லை என்று பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாம் சரியாக இருந்த நாட்களின் குறிப்பு இருந்தால்தான் கெட்ட நாளன்று என்ன மாறியது என்று காட்ட முடியும்.

எந்த மீன் எப்போது குஞ்சு பொரிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடுகிற ஆற்றுத்தண்ணீர் இருந்தால்தான் முட்டையிடும், தேங்கின ஏரியில் இடாது. ஏரியில் இருப்பதெல்லாம் கொண்டுவந்து விட்டவை. இவற்றைக் காப்பது என்றால் வளர விடுவது. ஒரு வருடத்தில் ஒரு கிலோவை எட்டக்கூடிய கட்லாவைக் கால் கிலோவில் பிடித்துவிட்டால் விட்டவருக்கும் நட்டம், வாங்குகிறவருக்கும் முள்தான் மிச்சம். சாதாக்கெண்டை அப்படியில்லை, ஏரியிலேயே நீர்ச்செடிகளின்மேல் முட்டையை ஒட்டவைக்கும். ஜிலேபி கெண்டை பெண் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், அதற்கு நம் உதவியே வேண்டாம்.

நாம் அக்கறை காட்ட வேண்டியது விரால், ஆரால், குரவை, கெளுத்தி, அயிரை போன்ற நம் ஊர் மீன்களுக்கு. இவற்றை யாரும் விலை கொடுத்து வாங்கி விடுவதில்லை, ஏரி தானாகக் கொடுத்துக்கொண்டிருந்தவை. விரால் மழைக்காலத்தில் கரையோரச் செடிகளுக்கு நடுவே முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும். செந்நிறக் குஞ்சுகள் மொத்தமாக ஒரே கூட்டமாகத் தண்ணீர் மேல் கொப்பளிப்பதைப் பார்த்தால் அடியில் தாயோ தந்தையோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் குஞ்சுகளைச் சீண்டுகிற எதையும் அது பாய்ந்து கடிக்கும், அது தெரிந்தே அங்கே தூண்டிலைப் போட்டுச் சுலபமாகப் பிடிக்கிறார்கள். அந்த ஒரு மீன் போனால் குஞ்சுக் கூட்டம் முழுவதையும் மற்ற மீன்கள் தின்றுவிடும். தூண்டில் போடுகிற பையன்களிடம் இதை மட்டும் பொறுமையாகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பையன்கள் கேட்டுக்கொள்கிறார்கள், குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் நமக்கே வந்து காட்டுகிறார்கள்.

அதனால்தான் கரையைச் சுத்தம் செய்கிறேன் என்று கோரையையும் அல்லியையும் வேரோடு பிடுங்கிப் போடக் கூடாது. ஆகாயத்தாமரை வேறு விஷயம், அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பகுதி பகுதியாக எடுங்கள், எடுத்ததைக் கரையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போடுங்கள். மருந்து அடித்து அப்படியே விட்டால் செத்த செடி அடியில் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

முதல் வெள்ளம் வரும்போது மீன் ஓடையில் எதிர்த்து ஏறும். ஓடையை முழுக்க அடைத்து மீன் பிடிக்கிற கூடு வைக்கிற பழக்கம் பல ஊரில் இருக்கிறது. வைக்காதே என்று சண்டை போடுவதைவிட, பாதி ஓடையைத் திறந்து விடுங்கள் என்று கேட்பது நடக்கிற காரியம். ஏரி நிரம்பிக் கோடி வழியாக உபரித் தண்ணீர் போகும்போது குஞ்சுகள் வழிந்து போகாமல் இருக்கக் குத்தகைக்காரர்கள் வலை கட்டுவார்கள். அதில் குப்பை சேர்ந்து தண்ணீர் நின்றால் கரைக்கே ஆபத்து. மூங்கில் தட்டியோ அகலக் கண் வலையோ கட்டச் சொல்லுங்கள், அப்போதும் இரவெல்லாம் குப்பையை எடுக்க ஆள் வேண்டும். அந்த முறைக்கு நம் ஆட்கள் இரண்டு பேரைக் கொடுங்கள், குத்தகைக்காரர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். தண்ணீர் வேகமாகப் போகிற நேரத்தில் யாரும் உள்ளே இறங்க வேண்டாம், நீச்சல் தெரிந்தவர்களும்தான்.

விடக் கூடாத மீன்கள்

பிறந்தநாளுக்கு, நேர்த்திக்கு, நல்ல எண்ணத்தில் என்று ஏரியில் மீன் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டுத் தொட்டியில் கண்ணாடி சுத்தம் பண்ணுகிற மீன் என்று விற்கிறார்களே, அது ஏரிக்குப் போனால் பெரிதாகி, கரையில் வளை தோண்டி, வலையில் சிக்கி அதன் முள் வலையைக் கிழித்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் வளர்க்கவே தடை செய்யப்பட்டது, அது கண்டதையும் தின்னும், நம் மீன்களையும் சேர்த்து. அப்படி ஒன்று வலையில் வந்தால் திரும்ப விடாதீர்கள், படம் எடுத்து மீன்வளத்துறைக்குச் சொல்லுங்கள். மேட்டூர் உபரிநீரைக் கொண்டு சரபங்கா ஆற்று வடிநிலத்தில் வறண்ட 100 ஏரிகளை நிரப்புகிற திட்டம் வந்த பிறகு, வெளித்தண்ணீர் வரும் ஏரிகளில் புதிதாக என்ன மீன் தென்படுகிறது என்பதற்கு நோட்டில் ஒரு தனிப்பக்கம் வைப்பது நல்லது.

குஞ்சு விடுவது குத்தகைக்காரர் வேலை, அல்லது மீன்வளத்துறை வேலை. நாம் உதவலாம். ஏரியில் மழைத்தண்ணீர் சேர்ந்த பிறகு, காலையிலோ சாயங்காலமோ, பையை அப்படியே கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியே போகும்படி விட வேண்டும். மேலிருந்து கொட்டக் கூடாது. விரல் நீளம் வளர்ந்த குஞ்சாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், பொடிக்குஞ்சு விட்டால் விராலுக்குத் தீனி.

மீன் செத்து மிதந்தால்

சேலத்தில் இது பெரும்பாலும் கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் நடக்கும். ஓடையில் மாதக்கணக்கில் கிடந்த சாக்கடை எல்லாம் ஒரே வேகத்தில் ஏரிக்கு வந்து சேரும், அடிச்சேறும் கலங்கும். அன்றைக்குப் பதற்றப்படாமல், எதற்கும் முன்னால் பாருங்கள்.

பெரிய மீன்கள் முதலில் செத்து, விராலும் குரவையும் உயிரோடு இருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவை வெளிக்காற்றை எடுத்துப் பிழைத்துக்கொள்ளும். சின்ன மீன்கள் முதலில் சாகின்றன, தவளை, நத்தை, பூச்சி எல்லாம் சேர்ந்து சாகின்றன, விராலும் செத்துக் கிடக்கிறது என்றால் விஷம் என்று சந்தேகப்படுங்கள். ஒரே இடத்தில் மட்டும் மீன் மிதந்து, வயிறு கிழிந்தோ உள்ளே காற்றுப்பை வெடித்தோ இருந்தால் தோட்டா, அதாவது வெடி, போட்டிருக்கிறார்கள்.

உடனே தண்ணீர் மாதிரி எடுங்கள். சுத்தமான பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே கழுவி, விளிம்பு வரை நிரப்பி, காற்றில்லாமல் மூடி, இடமும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். மீன் செத்த இடத்தில் ஒன்று, ஓடை சேருகிற வாயில் ஒன்று, பாதிக்கப்படாத மூலையில் ஒன்று. மீன் மாதிரிக்கு அழுகினதை எடுக்காதீர்கள், சாகிற நிலையில் இருப்பதை ஐஸில் வையுங்கள். அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மீன்வளத்துறைக்கும் சொல்லி, மனுவைக் கையில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். மறுநாளென்றால் தண்ணீர் கலந்துவிடும், எதையும் நிரூபிக்க முடியாது.

ஆக்சிஜன் பிரச்சினை என்று தெரிந்தால், குத்தகைக்காரரிடம் இருக்கிற டீசல் மோட்டாரை வைத்து ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, குழாய் வாயை உயர்த்திப் பிடித்து மழைபோல் திரும்ப ஏரிக்குள்ளேயே அடிக்கலாம். முழு ஏரிக்கும் போதாது, ஆனால் அந்த மூலைக்கு மீன் வந்து சேரும், ஒரு பகுதி பிழைக்கும். செத்த மீனை அன்றைக்கே வாரி, கரையிலிருந்து தள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள், காலில் புண் இருக்கிறவர்களை இறங்க விடாதீர்கள். செத்த மீனை யாரும் எடுத்துப்போய் விற்கவோ சமைக்கவோ கூடாது, அதை வெட்கப்படாமல் சத்தம் போட்டே சொல்லுங்கள்.

தோட்டா, கரண்ட், மருந்து

வெடி போட்டோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனால் பிடிப்பது போலீஸ் வேலை, நம் வேலை இல்லை. வலையைப் பறிக்கவும் ஆளை நிறுத்தவும் தன்னார்வலருக்கு அதிகாரம் கிடையாது. சத்தம் கேட்டால் தூரத்திலேயே நின்று 112-க்கு அழையுங்கள், நேரம், இடம், வண்டி எண் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். கரண்ட் ஒயர் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. இரவில் தனியாக யாரும் கரைக்குப் போக வேண்டாம்.

ஏற்காட்டில் இருக்கிறவர்களுக்கு

மலையில் கழிவின் கதை வேறு. காபி அறுவடை நடக்கிற நவம்பரிலிருந்து ஜனவரி வரை, பழத்தோல் உரித்துக் கழுவின தண்ணீர் ஓடையில் இறங்கினால் அது அமிலமாகவும் இருக்கும், அழுகி ஆக்சிஜனையும் குறைக்கும். அந்த மாதங்களில் ஓடை நடையை அதிகப்படுத்துங்கள். தோட்டக்காரர்களிடம் பேசும்போது அந்தத் தண்ணீரைக் குழியில் தேக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், நிறையப் பேர் செய்யத் தயாராகவே இருக்கிறார்கள். ஏற்காடு ஏரியில் படகுத்துறைக்கு வருகிற கூட்டம் மீனுக்குப் பொரியும் ரொட்டியும் போடுகிறது. தின்னாதது அடியில் அழுகும், பை தண்ணீரில் மிதக்கும். படகு ஓட்டுகிறவர்களே சொன்னால் சுற்றுலா வந்தவர்கள் கேட்பார்கள், அவர்களைத்தான் முதலில் நம் பக்கம் சேர்க்க வேண்டும்.

எந்த ஏரியானாலும், விநாயகர் சதுர்த்திக்கு மாவட்ட நிர்வாகம் அறிவித்த இடத்தில் மட்டும் சிலையைக் கரைக்கச் சொல்லுங்கள், வர்ணம் பூசாத களிமண் சிலையாக வாங்கச் சொல்லுங்கள். சிலை செய்கிறவர்களிடம் ஆடியிலேயே பேசினால்தான் நடக்கும்.

குத்தகை முடிகிற நேரம்

வருடத்தில் மீனுக்கு மிக மோசமான காலம் மே, ஜூன். தண்ணீர் வற்றி, மிஞ்சின மீனெல்லாம் ஒரு மடுவில் ஒதுங்கியிருக்கும். குத்தகை முடியப்போகிறது, அடுத்த வருடம் ஏரி யாருக்கோ, அதனால் கொசுவலை வரைக்கும் போட்டு வழித்து எடுத்துவிடுகிறார்கள். கடைசி மடுவை மோட்டார் வைத்து இறைப்பதும் உண்டு. விரால், ஆரால், குரவைக்கெல்லாம் அடுத்த மழையில் முட்டையிடப் போகிற தாய் மீன்கள் அந்த மடுவில்தான் இருக்கின்றன. இதற்குக் குத்தகைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை, ஏல நிபந்தனையில் எதுவும் எழுதாவிட்டால் அவர் போட்ட காசை எடுக்கத்தான் பார்ப்பார்.

ஆகவே ஏலத்துக்கு முன்னாலேயே நிபந்தனையை எழுத வைக்க வேண்டும். ஏரி ஊராட்சிப் பொறுப்பில் இருந்தால் மார்ச் 22 தண்ணீர் தினத்திலும் மே 1-லும் நடக்கிற கிராம சபைக் கூட்டங்கள் இதற்குச் சரியான இடம். கடைசி மடுவை இறைக்கக் கூடாது, கொசுவலை போடக் கூடாது, வலைக் கண் அளவு மீன்வளத்துறை சொல்கிறபடி இருக்க வேண்டும், ஓடையை முழுக்க அடைக்கக் கூடாது, இந்த நாலையும் தீர்மானமாகக் கேளுங்கள். நோட்டை எடுத்துப் போங்கள், எந்தெந்த நாளில் என்ன பார்த்தோம் என்று பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள், வலை இழுக்கிற ஒருவரையாவது எழுந்து பேச வையுங்கள். ஏரி நீர்வளத்துறையுடையது அல்லது மாநகராட்சியுடையது என்றால் அதே நாலு நிபந்தனையை மனுவாக எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்குங்கள், ஜூலையில் புதிதாகக் குத்தகை எடுக்கிறவரைப் பார்க்கப் போகும்போது அந்த நகலும், போன வருட நோட்டின் ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும்.